கல்லூரிக்கு வந்த பணம்: மானியமா, நன்கொடையா, கட்டணமா?

கல்வி நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் எங்கள் முன் நிதியாண்டு முடிவில் வைக்கப்படும் வரவு-செலவு அறிக்கைகளில், 'மானியங்களும் நன்கொடைகளும்' என்ற ஒற்றை வரி பெரும்பாலும் இருக்கும். அந்த வரியைப் பிரித்துப் பார்த்தால், ஆய்வுத் திட்டத்துக்கு மத்திய அரசின் அமைப்பு ஒன்று வழங்கிய தொகை, முன்னாள் மாணவர் ஒருவர் தம் தந்தையின் நினைவாகப் பதக்கம் வழங்க வைத்த தொகை, ஒரு நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து ஆய்வகத்துக்கு அனுப்பிய தொகை, சில இடங்களில் சேர்க்கைக் காலத்தில் பெற்றோர் செலுத்திய தொகை ஆகிய அனைத்தும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். வங்கிக்கு இவையெல்லாம் ஒன்றுதான் என்றாலும், சட்டம் ஒவ்வொன்றையும் தனித்தனியே நடத்துகிறது. ஒரு தொகை எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அதனுடன் வந்த கடிதமும் அது தரப்பட்ட சூழ்நிலையுமே தீர்மானிக்கின்றன. அதைப் பணம் வந்த நாளிலேயே முடிவுசெய்து எழுதிவைக்காமல் மார்ச் மாதம்வரை தள்ளிப்போடும் நிறுவனங்களுக்குத்தான் பின்னாளில் வரித்துறையின் அறிவிப்புகள் வந்து சேர்கின்றன.

முதலில் அரசு மானியம். ஒரு திட்டத்துக்கென்று ஒப்பளிக்கப்பட்ட தொகை அந்தத் திட்டத்தில் செலவாகும்வரை கல்லூரியிடம் பொறுப்பாக ஒப்படைக்கப்பட்ட பணமே தவிர, கல்லூரியின் வருமானம் ஆகிவிடாது. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி, நிதியாண்டு முடிந்த 12 மாதங்களுக்குள், பணம் உரிய நோக்கத்துக்கே செலவானதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் அளிக்கப்பட வேண்டும். மானியத் தொகை வங்கியில் இருந்தபோது ஈட்டிய வட்டியையும் கணக்கு முடித்தவுடன் இந்தியத் தொகுப்பு நிதியில் செலுத்திவிட வேண்டும். இந்த வட்டியைத்தான் பலர் கவனிப்பதில்லை. உடனடியாகத் தேவைப்படாத மானியத்தை நிரந்தர வைப்பில் போட்டு, அதன் வட்டியைக் கல்லூரியின் பொது வருமானத்தில் சேர்த்துக்கொள்வது சிக்கனமான நிர்வாகம்போலத் தோன்றலாம். ஆனால் அடுத்த தவணையைக் கோரும் நேரத்தில் அதுவே தடையாக வந்து நிற்கும். மானியத்தில் வாங்கிய கருவிகளையும் ஒப்புதலின்றி விற்கவோ வேறு பயன்பாட்டுக்கு மாற்றவோ கூடாது என்பதால், அவற்றுக்குத் தனிப் பதிவேடு வைப்பது நல்லது.

அரசு உதவிபெறும் கல்லூரிகளின் தாளாளர்கள் அறிந்துகொள்ள வேண்டிய இன்னொரு கணக்கும் இருக்கிறது. இலாப நோக்கமின்றி நடத்தப்பட்டு, அரசால் பெருமளவு நிதியளிக்கப்படும் கல்வி நிறுவனத்தின் வருமானத்துக்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(23சி) பிரிவு விலக்கு அளிக்கிறது. 'பெருமளவு' என்பதற்கு வருமான வரி விதிகள் வகுத்துள்ள அளவு, அந்த ஆண்டின் மொத்த வரவில் அரசு மானியம் 50 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும் என்பதாகும். அந்த மொத்த வரவில் நன்கொடைகளும் அடங்கும் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. எடுத்துக்காட்டாக, ஒரு கல்லூரிக்கு ஆசிரியர் ஊதிய மானியம் 6 கோடி ரூபாயும் மற்ற வரவுகள் 5 கோடி ரூபாயும் வருகின்றன என்று கொள்வோம். மானியத்தின் பங்கு ஏறத்தாழ 54.5 விழுக்காடு. பொன்விழா ஆண்டில் முன்னாள் மாணவர்கள் கூடி 2 கோடி ரூபாய் நன்கொடை அளித்தால், அதே மானியத்தின் பங்கு 46 விழுக்காடாகச் சரிந்துவிடும். ஊர் மெச்சும் அந்த ஆண்டிலேயே வரி விலக்கு கைநழுவிப் போகும். மொத்த வரவு 5 கோடியைத் தாண்டிவிட்டதால், சிறிய நிறுவனங்களுக்கு உரிய விலக்கையும் கேட்க வழியிருக்காது. சுயநிதிப் பிரிவுகளைத் தொடர்ந்து விரிவாக்கும் உதவிபெறும் கல்லூரிகள், நன்கொடை எதுவும் வராமலேயே இந்த எல்லைக்கு அருகில் வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அறக்கட்டளைகளுக்கு வரி விலக்குப் பெற்றுத்தரும் 12ஏபி பிரிவின் கீழ் முன்கூட்டியே பதிவு செய்துகொள்வதே இதற்கு வழி. நன்கொடை வந்தபின் ஓடுவதால் அந்த ஆண்டுக்குப் பயன் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

பதிவுபெற்ற அறக்கட்டளையின் கீழ் இயங்கும் கல்லூரிக்கு வரும் நன்கொடையில், பொது நன்கொடைக்கும் மூலநிதி நன்கொடைக்கும் உள்ள வேறுபாடுதான் மிகப் பெரியது. 'கார்பஸ்' என்று நாங்கள் சொல்லும் இந்த மூலநிதியாக ஒரு தொகை ஏற்கப்பட வேண்டுமானால், அது மூலநிதியில் சேர வேண்டும் என்ற குறிப்பான அறிவுறுத்தலை நன்கொடையாளரே அளித்திருக்க வேண்டும். அந்த அறிவுறுத்தல் இருந்தால் தொகை வருமானக் கணக்கில் வராது. இல்லையென்றால் அது பொது வருமானமாகி, அதில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட்டுக் காட்ட வேண்டிய கட்டாயம் வந்துவிடும். 2021ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்குப் பிறகு மூலநிதியைச் சட்டம் அனுமதித்த முதலீடுகளில், மூலநிதிக்கென்றே தனியாகப் பராமரிக்கவும் வேண்டும். அந்தத் தொகையை எடுத்து வகுப்பறை கட்டினால், அதை மீண்டும் மூலநிதியில் வைக்கும்வரை அந்தச் செலவு அறப்பணிச் செலவாகக் கணக்கில் கொள்ளப்படாது. திரும்ப வைப்பதற்கும் 5 ஆண்டு வரம்பு உண்டு.

நடைமுறையில் நாங்கள் காண்பது என்னவென்றால், நன்கொடையாளர் காசோலையைக் கொடுத்துவிட்டு வாய்மொழியாகத் தம் விருப்பத்தைச் சொல்லிச் செல்வார். அலுவலகம் பொதுவான ரசீது ஒன்றைக் கிழித்துக் கொடுக்கும். தணிக்கையின்போது நாங்கள் கேட்டதும் அவரிடம் ஒரு கடிதம் வாங்கி வருவார்கள். பணம் வந்து பல மாதங்கள் கழித்துத் தேதியிட்ட அத்தகைய கடிதத்தை வரித்துறையின் மதிப்பீட்டு அதிகாரி ஏற்பாரா என்பது அவரவர் அதிர்ஷ்டம். முன் தேதியிட்டு வாங்குவதை நான் அறிவுறுத்தவே மாட்டேன். ரசீதிலேயே நோக்கத்தை எழுத இடம் விட்டு, நன்கொடையாளரின் கையொப்பத்தையும் அங்கேயே பெற்றுக்கொண்டால் இவ்வளவு அலைச்சலும் மிச்சமாகும். எழுத்தில் இருக்கும் கொடை நெடுங்காலம் கழித்தும் காப்பாற்றப்படும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு: 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியார் உயிலில் எழுதிவைத்த அறக்கொடை நீண்ட காலம் முடங்கிக் கிடந்தும், நீதிமன்றத்தின் தலையீட்டால் மீட்கப்பட்டு, அதன் உபரியிலிருந்து 1842இல் பள்ளி தொடங்கியது.

கொடுத்தவர் யார் என்பது தெரியாத பணமும் சிக்கலுக்குரியது. பெயரும் முகவரியும் பதிவாகாத நன்கொடைகள், மொத்த நன்கொடையில் 5 விழுக்காடு அல்லது 1 லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதற்கு மேற்பட்டால், மிகுதித் தொகைக்கு 30 விழுக்காடு வரி விதிக்கப்படும். ஆண்டுவிழாவில் உண்டியல் வைத்து நிதி திரட்டும் நிறுவனங்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகைக்கு இணையான அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

இனி, பலரும் பேசத் தயங்கும் பகுதிக்கு வருகிறேன். விருப்பத்தோடு, பதிலுக்கு எதையும் எதிர்பாராமல் தருவதே நன்கொடை. இடம் வேண்டும் என்பதற்காகத் தரப்படும் பணத்துக்கு எந்தப் பெயரில் ரசீது போட்டாலும் அது கட்டாயக் கட்டணம்தான். தமிழ்நாட்டில் இதைத் தடைசெய்யும் சட்டம் 1992ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அதே ஆண்டில் மோகினி ஜெயின் வழக்கிலும், பின்னர் 2002இல் 11 நீதிபதிகள் அமர்ந்து விசாரித்த டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கிலும், 2005இல் இனாம்தார் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இத்தகைய வசூலுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. கணக்கேட்டில் இதைக் கண்டுபிடிக்கப் பெரிய திறமை தேவையில்லை. நன்கொடைத் தேதிகள் அனைத்தும் ஜூன், ஜூலை மாதங்களில் குவிந்திருக்கும். ஒரே பாடப்பிரிவில் சேர்ந்தவர்களின் பெற்றோர் ஏறத்தாழ ஒரே தொகையைக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பெற்றோர் அதற்கு முன்னும் பின்னும் அந்த அறக்கட்டளைக்கு ஒரு ரூபாய்கூடத் தந்திருக்க மாட்டார்கள். கல்லூரியின் பெயரில் வாங்காமல் அதே குடும்பம் நடத்தும் வேறோர் அறக்கட்டளையின் பெயரில் வாங்கினால் தப்பிவிடலாம் என்ற எண்ணமும் சிலரிடம் இருக்கிறது. பயனாளியையும் தேதியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் அதிகாரிக்கு அந்தத் திரை ஒரு பொருட்டாக இருக்காது. பெற்றோருக்கும் ஒரு சொல்: அப்படிச் செலுத்திய தொகைக்கு, நன்கொடையாளருக்கு வரிக் கழிவு தரும் 80ஜி பிரிவின் கீழ் ரசீது கொடுத்தாலும், அதைக் காட்டி வரிக் கழிவு கோர வேண்டாம். கோருவது நீங்கள் என்பதால், விளக்கம் கேட்டு வரும் கடிதமும் உங்கள் முகவரிக்கே வரும்.

வெளிநாட்டில் வாழும் முன்னாள் மாணவர்களின் கொடையில் வேறு விதமான கவனம் தேவை. இந்தியக் கடவுச்சீட்டை வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர், அவர் இங்கே பிறந்து வளர்ந்து அதே கல்லூரியில் படித்தவராயினும், கடல்கடந்த இந்தியக் குடிமக்களுக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவராயினும், வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் பார்வையில் அயல்நாட்டவரே. இந்திய வங்கியில் உள்ள தம் கணக்கிலிருந்து அவர் ரூபாயாகக் கொடுத்தாலும் நிலை மாறாது. அந்தச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத கல்லூரி அந்தத் தொகையைத் தொடக்கூடாது. பதிவு இருந்தாலும், 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வர வேண்டும். வேறொரு நிறுவனத்துக்கு மாற்றித் தர முடியாது. நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அயல்நாட்டு மாணவர் செலுத்தும் கல்விக் கட்டணத்துக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே முன்னாள் மாணவர் சங்கங்கள் நிதி திரட்டும் படிவத்தில் தொலைபேசி எண்ணைக் கேட்பதற்கு முன் குடியுரிமையைக் கேட்பது நல்லது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பெற விரும்பும் அறக்கட்டளை, கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தின் மூலம் முதலில் பதிவுசெய்திருக்க வேண்டும். அந்த நிதியை மூலநிதியாகப் பெறுவது 2021 ஜனவரிக்குப் பின் இயலாது.

கட்டடத்தில் பெயர்ப்பலகை வைத்தால் சரக்கு-சேவை வரி வருமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். 2019 அக்டோபரில் வெளியான சுற்றறிக்கை ஒன்று இதைத் தெளிவாக்கிவிட்டது: தந்தையின் நினைவாக அளித்தது என்பது போன்ற நன்றிக் குறிப்புக்கு வரி இல்லை, பலகை நன்கொடையாளரின் வணிகத்துக்கு விளம்பரமாக அமைந்தால் நிலைமை வேறு. இவ்வளவு எளிய விஷயத்துக்குக் கவலைப்படும் நிர்வாகிகள், பெற்ற நன்கொடைகளின் விவரத்தை வரித்துறைக்குத் தெரிவிக்க மே 31க்குள் தாக்கல் செய்ய வேண்டிய 10பிடி அறிக்கையை மறந்துவிடுவதுதான் எனக்கு வியப்பாக இருக்கும். அந்த அறிக்கையில் நன்கொடையாளரின் பெயர் ஏறி, அவருக்கு 10பிஇ சான்றிதழ் கிடைத்தால்தான் அவரது 80ஜி கழிவு நிற்கும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் நிறுவனத்தின் தலையில் விழும். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கும், புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கும் 80ஜி கழிவு இல்லை என்பதை ரசீதின் பின்புறத்திலேயே அச்சிட்டுவிடலாம்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறுகின்றன; மேலே நான் குறித்தவை பழைய சட்டத்தின் எண்கள். அந்தத் தேதிக்கு முன் பெற்ற நன்கொடைகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால், இரண்டு காலத்துக்கும் ஒரே ரசீதுப் புத்தகத்தைப் பயன்படுத்தாமல், அந்தத் தேதி முதல் பெறும் நன்கொடைகளுக்கெனப் புதிய வரிசை எண்ணுடன் தனிப் புத்தகம் அச்சிட்டுக்கொள்ளுமாறு என்னிடம் வரும் நிறுவனங்களுக்குச் சொல்லி வருகிறேன்.