157–337: அமெலியாவின் கடைசிக் கோடு

"உங்கள் தலைக்கு மேலேதான் இருக்க வேண்டும், ஆனால் கண்ணில் படவில்லை. பெட்ரோல் குறைந்துகொண்டே வருகிறது." 1937 ஜூலை 2, காலை 7:42. பசிபிக் நடுவே ஹவ்லாண்ட் தீவருகே காத்திருந்த இட்டாஸ்கா கப்பலின் ரேடியோவில் கேட்ட இந்தக் குரல் அமெலியா இயர்ஹார்ட்டுடையது.

1932இல் அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த முதல் பெண் அவர். இப்போது உலகைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நியூ கினியின் லே நகரிலிருந்து ஹவ்லாண்டுக்கு 4,100 கிலோமீட்டர். தீவின் நீளமோ இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். மேகத்தின் நிழல்கூடக் கடலில் தீவு போலத் தெரியும்.

வழி கணித்தவர் ஃபிரெட் நூனன். அன்று சூரியன் உதித்த திசை, வடக்கிலிருந்து கிழக்காக அளந்தால், 67 பாகை. அதற்குக் குறுக்கே செங்குத்தாகக் கோடு போட்டால் ஒரு முனை 157 பாகையையும் மறுமுனை 337 பாகையையும் காட்டும். அதுதான் 157–337. அந்தக் கோட்டில் எங்கே நின்றாலும் சூரியன் ஒரே உயரத்தில்தான் தெரியும். அதனால் சூரியனை அளந்தால் கிழக்கே எவ்வளவு தூரம் வந்தோம் என்பது தெரிந்துவிடும். ஆனால் தீவு வடக்கே இருக்கிறதா, தெற்கே இருக்கிறதா? அதைச் சூரியன் சொல்லாது. ரேடியோதான் சொல்ல வேண்டும்.

பழைய டிரான்சிஸ்டரைத் திருப்பித் திருப்பி வைத்துப் பாட்டுக் கேட்டவர்களுக்கு இது புரியும். ஒரு பக்கம் திருப்பினால் சத்தம் கணீரென்று வரும், இன்னொரு பக்கம் அடங்கிப்போகும். விமானத்தின் வளைய ஆன்டெனாவும் அப்படித்தான். சத்தம் அடங்கும் நிலையை வைத்து நிலையத்தின் திசையைக் கண்டுபிடிப்பார்கள்.

அமெலியா கப்பலை அனுப்பச் சொன்னது 7500 கிலோஹெர்ட்ஸ் அலை. கப்பலும் அதையே அனுப்பியது. ஆனால் இந்த வகை வளையம் அதைவிடப் பல மடங்கு தாழ்ந்த அலைவரிசைகளுக்கானது. அவ்வளவு உயர்ந்த அலைவரிசையில் அலை வானத்தில் பட்டும் திரும்பி வரும், விமானத்தின் உலோக உடலும் அதைக் குழப்பும். வளையத்தை எப்படித் திருப்பினாலும் சத்தம் அடங்காது. எட்டு மணி வாக்கில் அவரே சொன்னார்: சிக்னல் கேட்கிறது, அடங்கும் புள்ளி மட்டும் கிடைக்கவில்லை. அவர் பேச்சைப் பிடித்துத் திசை பார்க்கக் கப்பல்காரர்களும் முயன்றார்கள். ஆனால் அவர் ஒவ்வொரு முறையும் சில நொடிகளே பேசினார். அது போதவில்லை.

அன்று அமெலியாவும் நூனனும் காணாமல் போனார்கள். ஜப்பானியர் பிடித்துப் போனார்கள், உளவு பார்க்கப் போனார் என்றெல்லாம் கதைகள் உண்டு. எனக்கு அவற்றில் நம்பிக்கையில்லை. அவருக்குக் கிடைக்காமல் போனது ஒரே ஒரு திசை. அது தெரியாத நிலையில் செய்யக்கூடியதைத்தான் அவரும் நூனனும் செய்தார்கள். 8:43க்குக் கப்பல் கேட்ட செய்தி இது: "157–337 கோட்டில் இருக்கிறோம். வடக்கும் தெற்குமாகப் பறந்துகொண்டிருக்கிறோம்."