குடிலுக்குப் போகும் சோலைப் பாசி

கடந்த டிசம்பரில், கொடைக்கானல் மலைச்சாலையோரக் கடை ஒன்றின் முன் மூன்று சாக்கு மூட்டைகள் வாய் அவிழ்ந்து நின்றன. ஒன்றில் கைவிட்டு எடுத்தேன். மரப்பட்டையின் வளைவு அப்படியே பதிந்த, ஒரு முழ நீளப் பாசிப் பாய்; அதன் அடியில் நான்கைந்து ஆர்க்கிட் நாற்றுகள் வேரோடு பிய்ந்து தொங்கின. கிறிஸ்துமஸ் குடிலுக்கும் கண்ணாடித் தொட்டித் தோட்டத்துக்கும் இதை வாங்கிப் போகிறார்கள். பாசித் தாவரங்களை ஆராய்வதே தொழிலாகக் கொண்ட நான் ஆண்டுதோறும் வேண்டாம் என்கிறேன். "பாசிதானே, அடுத்த மழைக்கு வந்துவிடும்" என்ற ஒரே பதில்தான் ஆண்டுதோறும் கிடைக்கிறது.

வராது. இந்தத் தவறான எண்ணத்துக்குப் பாதிக் காரணம் நம் சொல்வழக்கு. குளத்தில் படர்வதையும் பாசி என்கிறோம், மலைச்சோலைக் காட்டு மரத்தைப் போர்த்தியிருப்பதையும் பாசி என்கிறோம். குளத்துப் பாசி வெயிலும் சத்தும் கிடைத்தால் சில நாட்களில் நீரை மூடிவிடும். மரத்துப் பாசியோ முற்றிலும் வேறான தாவரம். மூடுபனியை இலைகளாலேயே குடித்து, வறண்ட மாதங்களில் சுருண்டு வளர்ச்சியை நிறுத்தி, நனைந்தபின் மீண்டும் விரிந்து, மிக மெதுவாகப் பாய்போல் தடிப்பது. கோஸ்டா ரிக்காவின் மான்டேவெர்டே மேகக்காட்டில் சூழலியல் ஆய்வாளர் நளினி நட்கர்னி கிளைகளைச் சுரண்டிவிட்டுக் கவனித்தபோது, பத்தாண்டுகளுக்குப் பின்னும் பழைய போர்வை திரும்பவில்லை. நம் சோலையில் சுரண்டும் காலமும் மோசமானது: கொடைக்கானல் அமைந்த பழனிமலைத் தொடருக்குப் பெருமழை தரும் வடகிழக்குப் பருவம் டிசம்பரோடு ஓய்கிறது, வெறுமையான பட்டை ஜனவரி முதல் மார்ச் வரை காய்ந்து கிடக்கிறது.

மரத்தின் சத்தைப் பாசி உறிஞ்சுவதால் சுரண்டுவது மரத்துக்கு நல்லது என்பாரும் உண்டு. அது புல்லுருவியின் வேலை. பாசிக்கு உண்மையான வேரே கிடையாது; அதன் நுண்ணிழைகள் பட்டையைப் பற்றிக்கொள்ள மட்டுமே உதவுகின்றன. மாறாக, கிளைமேல் சேர்ந்த பாசி மெத்தைக்குள் சில மரங்கள் தம் கிளையிலிருந்தே வேர்விட்டுச் சத்தெடுப்பதை 1981இல் இதே நட்கர்னிதான் வெளியிட்டார்.

பழனிமலைப் பாசிகளை 1961இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் பட்டியலிட்டவர், கொடைக்கானலை அடுத்த செண்பகனூரின் இயேசு சபைத் துறவி ஜார்ஜ் ஃபோரோ. சீகை எனப்படும் வாட்டில் மரத்துக்கும் யூக்கலிப்டஸுக்கும் இடம்விட்டுத் தீவுகளாகச் சுருங்கிய சோலைகளில், அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தேடிச் செல்லும் எனக்கு, எட்டும் உயரம்வரை சுரண்டிய அடிமரங்கள்தான் எதிர்ப்படுகின்றன.

எனவே, சாலையோர மூட்டையிலிருந்து வாங்காதீர்கள். வாங்க ஆளிருக்கும்வரை சுரண்டுவார்கள். 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் பாசியைப் பெயர் சொல்லியே வனப்பொருளில் சேர்த்திருக்கிறது என்பதை விற்பவரிடமும் சொல்லுங்கள். ஆர்க்கிட் வளர்க்கப் பாசி வாங்குவோருக்குத் தேங்காய் மட்டைத் துண்டு போதும். குடில் கட்டும் தேவாலயப் பங்கு இளைஞர்களை மன்றாடிக் கேட்கிறேன்: முளைப்பாரிக்குச் செய்வதுபோல் அகன்ற தட்டில் மண் பரப்பி, ஊறவைத்த நெல்லையோ கேழ்வரகையோ டிசம்பர் முதல் வாரத்திலேயே தூவிவிடுங்கள், இருபத்து நான்காம் தேதி இரவுக்குள் குடில் முழுக்கப் பசும்புல் நிற்கும்.