கேஷ்: பதுக்கி வைத்த விடை

பாடுபட்டுக் கணக்கிட்ட ஒன்றை, அடுத்த முறை கேட்டதும் எடுத்துக் கொடுக்கக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பதுதான் கணினியில் கேஷ். பணத்தைச் சொல்லும் கேஷுக்கும் இதற்கும் உறவில்லை, ஒலிதான் ஒன்று.

மூலம் பிரெஞ்சு. 'கஷே' என்றால் ஒளித்து வை. வட அமெரிக்கக் காடுகளில் விலங்குத் தோலுக்காக அலைந்த பிரெஞ்சு வேட்டைக்காரர்கள், திரும்பி வரும்போது உதவட்டும் என்று உணவைப் புதைத்து வைத்த இடத்துக்கு இந்தச் சொல் வழங்கியது. 1965-ல் பிரிட்டிஷ் கணினி அறிவியலாளர் மாரிஸ் வில்க்ஸ் இந்த வகை நினைவகத்தை 'அடிமை நினைவகம்' என்றே எழுதினார். 1968-ல் ஐபிஎம் சிஸ்டம்/360 மாடல் 85 என்ற கணினி பற்றிய கட்டுரைகளில் கேஷ் என்ற பெயர் வந்தது, அதுவே நின்றுவிட்டது.

நிரலில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஆர் (R) என்ற நிரல் மொழியில் ஓர் அணியின் (மேட்ரிக்ஸ்) நேர்மாறு காண 'சால்வ்' என்ற செயற்கூறு (ஃபங்ஷன்) உண்டு. அணியின் வரிசை, அதாவது ஒரு பக்கத்தில் உள்ள எண்களின் எண்ணிக்கை, இரட்டித்தால் வேலை ஏறக்குறைய 8 மடங்காகும். அதனால் விடையை வைத்துக்கொள்கிறோம். எங்கே? இதற்கென நாம் எழுதும் ஒரு செயற்கூறு தனக்குள் மூடி வைத்திருக்கும் சூழலில், அதாவது அதன் மாறிகள் இருக்கும் இடத்தில். அங்கே ஒரு மாறி முதலில் வெறுமையாக, அதாவது 'நல்' (NULL) ஆக இருக்கும். நேர்மாறு கிடைத்ததும் இரட்டை அம்புக்குறியால் (<<-) அதில் எழுதுகிறோம். அடுத்த முறை மாறி வெறுமையாக இல்லையென்றால் கணக்கே வேண்டாம், விடை தயார். வெளியிலிருந்து பார்த்தால் அந்த மாறி கண்ணில் படாது.

சரி, அணி மாறினால்? மூலைவிட்டத்தில் 2, 4, மற்ற இடங்களில் 0 என்றால் நேர்மாறின் மூலைவிட்டம் 0.5, 0.25. அந்த 2-ஐ 5 ஆக்கினால் முதல் எண் 0.2 ஆக வேண்டும். மாறியை மறுபடி 'நல்' ஆக்க மறந்தால் பழைய 0.5-தான் வரும், பிழைச்செய்திகூட இல்லாமல். கேஷ் எழுதுகிறவர் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

தமிழில் 'இடைமாற்று நினைவகம்', 'தற்காலிகச் சேமிப்பு', 'பதுக்கு நினைவகம்' எனப் பல வழங்குகின்றன. தற்காலிகச் சேமிப்பு எனக்கு நிறைவாக இல்லை. தற்காலிகமாகச் சேமிப்பதெல்லாம் கேஷ் ஆகிவிடாது. 'பதுக்கு' என்றதும் அரிசிப் பதுக்கல் நினைவுக்கு வருவது உண்மைதான். ஆனால் ஒளித்து வைத்தல், பின்னால் எடுத்தல் என்ற இரண்டும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. பிரெஞ்சு மூலத்துக்கும் ஆரின் மறைவான மாறிக்கும் அப்படியே பொருந்துகிறது. எனவே நான் எழுதுவது: வன்பொருளில் பதுக்கு நினைவகம், நிரலில் பதுக்கம், செய்வது பதுக்குதல். 'கேஷை கிளியர் பண்ணு' என்பதைப் 'பதுக்கத்தைக் காலி செய்' என்று சொல்லிப் பாருங்கள், இயல்பாகவே வருகிறது.