ஐ.பி. எண் வேறென்றால் வலையமைப்பும் வேறா?

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் விடுதிகள் நிறைந்தால் அவற்றின் கணினி வலையமைப்பைப் பார்க்கும் எனக்கும் வேலை கூடும். இம்முறையும் அதே கதைதான். முதலாளியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, விருந்தினர் அறைச் சுவரிலிருந்த சொக்கெட்டில் என் மடிக்கணினியைச் செருகி, அதன் ஐ.பி. எண்ணை, அதாவது வலையமைப்பில் அதற்குள்ள முகவரியை, கையால் மாற்றினேன். வரவேற்பு மேசைக் கணினியில் பூட்டில்லாமல் கிடந்த கோப்புறை திறந்தது. உள்ளே தங்கியிருப்பவர்களின் கடவுச்சீட்டுப் பிரதிகள்.

"அதெப்படித் தம்பி? அலுவலகத்துக்கு 192.168.1, அறைகளுக்கு 192.168.2 என்று பிரித்துத்தானே தந்தார்கள்?"

பிரிக்கவில்லை ஐயா. எண்ணைத்தான் மாற்றியிருக்கிறார்கள். ஐ.பி. எண்ணை யாரும் தன் கணினியில் நினைத்தபடி மாற்றிக்கொள்ளலாம். கணினி வயர்களையெல்லாம் ஒன்றாக இணைக்கும் சாதாரண சுவிட்ச் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. அதற்குத் தெரிந்தது மாக் முகவரி எனும் கருவியின் வன்பொருள் அடையாள எண் மட்டும். "இந்த எண் யாருடையது?" என்று ஒரு கணினி கேட்கும் ஏ.ஆர்.பி. கேள்வி சுவிட்சில் வயர் செருகும் எல்லாப் போர்ட்டுக்கும் போகும். எண் வரிசை இரண்டானாலும் சுவிட்ச் ஒன்றென்றால் வலையமைப்பும் ஒன்றுதான். நம்பாதவர்கள் வலையமைப்பில் ஓடும் தரவைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்துவைத்துப் பார்க்கட்டும். "வைஃபைக்கு வேறு கடவுச்சொல் போட்டிருக்கிறோமே" என்பதும் இதே ரகம்; அந்த வைஃபையும் அதே சுவிட்சில்தான் போய்ச் சேர்கிறது.

பிரிப்பது சுவிட்சின் வேலை. ஒரே சுவிட்சுக்குள் பிரித்துவைக்கும் தனி வலையமைப்புக்கு வீலான் என்று பெயர். எந்தப் போர்ட் எந்த வீலானுக்கு என்று சுவிட்சிலேயே எழுதிவிட்டால், அறையில் செருகியவர் என்ன எண் போட்டாலும் அதற்குள்தான் சுற்றுவார். வீலானுக்கான 802.1கியூ தரம் 4094 வீலான்களுக்கு இடம் தருகிறது. நம் ஊர் விடுதிக்கு அலுவலகம், விருந்தினர், கமரா, நிர்வாகம் என்று நான்கு போதும். அதற்கேற்ற சுவிட்ச் விலை கூடியதுதான்; கமராவுக்குச் செலவழித்தவர்கள் இதற்கு மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள்.

வீலான் போட்ட பிறகு ரவுட்டரில் எல்லாவற்றுக்கும் இடையே வழி விடுவது, வேலியடைத்துவிட்டுப் படலையைத் திறந்து வைப்பதுதான். விருந்தினருக்கு இணையம் மட்டும். கமராவுக்கு அதுவும் வேண்டாம். விருந்தினர் வைஃபையை விருந்தினர் வீலானிலேயே கட்டுங்கள். பாவிக்காத போர்ட்டை மூடுங்கள். அறைப் போர்ட் தானாக டிரங்க், அதாவது பல வீலான்களை ஒரே வயரில் கொண்டுபோகும் போர்ட், ஆக இடம் விடாதீர்கள். டிரங்கில் வீலான் குறியில்லாமல் வரும் தரவு போய்ச் சேரும் நேட்டிவ் வீலானை 1இல் விட்டுவைக்காதீர்கள். சுவிட்சோடு வந்த கடவுச்சொல்லை இன்னும் மாற்றாதவர்களோடு எனக்குக் கதையில்லை.

ஒரே வீலானுக்குள் இருக்கும் கணினிகள் ஒன்றையொன்று பார்க்கும். ஆகவே அந்தக் கோப்புறைக்கும் பூட்டு வேண்டும். வயர் இழுக்கும் தம்பிமாரே, எந்தப் போர்ட் எந்த வீலான் என்று ஒரு தாளில் எழுதிச் சுவிட்ச் இருக்கும் பெட்டிக் கதவின் உட்பக்கம் தயவுசெய்து ஒட்டிவிட்டுப் போங்கள்.