ரூபாட்டோ: பிராம்ஸின் நான்காம் சிம்பொனியை வைத்து ஒரு சொல் விளக்கம்

‘டெம்போ ரூபாட்டோ’ மேற்கத்திய இசையில் வழங்கும் இத்தாலியத் தொடர். டெம்போ என்றால் காலம், ரூபாட்டோ என்றால் திருடப்பட்டது. 1723இல் வெளிவந்த பாட்டுக்கலை நூலில் இத்தாலியப் பாடகர் பியர் ஃபிரான்செஸ்கோ டோசி இந்தத் திருட்டைப் பற்றிப் பேசுகிறார். பாடகர் ஒரு சுரத்தில் கூடுதலாக நிற்கலாம், ஆனால் எடுத்ததைத் திருப்பித் தந்துவிட வேண்டும். அடியில் ஓடும் தாளம் அசையாது. இசையமைப்பாளர் ஷோபான், பியானோவில் வலக்கை நெகிழ, இடக்கை காலம் தவறாமல் இருக்க வேண்டும் என்றதும் இதே பொருளில்தான்.

சிம்பொனிக்கு வரும்போது பொருள் மாறிவிட்டது. அங்கே நெகிழ்வது ஒருவரின் மெட்டு மட்டுமல்ல, மொத்த வாத்தியக் குழுவும்தான். எடுத்த காலம் பெரும்பாலும் திரும்பி வருவதுமில்லை. 1869இல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் இதை ‘வேக மாற்றம்’ என்றே சொல்லி ஆதரித்தார். 1895இல் வாத்தியக் குழு நடத்துநர் பெலிக்ஸ் வைன்கார்ட்னர் ‘டெம்போ ரூபாட்டோ நடத்துநர்கள்’ என்று சாடியதும் இந்தப் பழக்கத்தைத்தான். இப்படி இரண்டும் ஒரே பெயருக்குள் குழம்பிப்போயின.

பதிவுகளை ஒப்பிட ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் நான்காம் சிம்பொனி வசதியானது. முதல் பகுதியில் ‘திரும்ப வாசி’ குறி இல்லை. மற்ற மூன்று சிம்பொனிகளிலும் உண்டு. அங்கே திரும்ப வரும் பகுதியை ஒருவர் வாசிப்பார், ஒருவர் விட்டுவிடுவார், நிமிடக் கணக்கு பொய்யாகிவிடும். மாக்ஸ் ஃபீட்லர் 1930, வைன்கார்ட்னர் 1938, ஃபுர்ட்வெங்லர் 1943, கார்லோஸ் க்ளைபர் 1980 ஆகிய நடத்துநர்களின் நான்கு பதிவுகளை எடுத்துக்கொண்டாலே போதும்.

மொத்த நேரத்தைப் பார்க்காதீர்கள். மெதுவாகத் தொடங்கி முடிவில் பாய்கிறவரும் ஒரே வேகத்தில் போகிறவரும் ஒரே நிமிடத்தில் முடிக்கலாம். அளக்க வேண்டிய இடம் இறுதிப் பகுதி. 8 அளவை (தாளச் சுற்று, ‘பார்’) கொண்ட கருமெட்டும் அதன் மேல் 30 மாறுபாடுகளும். ஒவ்வொரு மாறுபாடும் 8 அளவை, அளவைக்கு 3 தட்டு, ஆக 24 தட்டு. ஒரு மாறுபாடு 16 விநாடி எடுத்தால் 24 × 60 ÷ 16 = நிமிடத்துக்கு 90 தட்டு.

97ஆம் அளவையில் புல்லாங்குழல் தனியாக வருகிறது. அளவை 3/2 ஆகிறது, அதாவது அளவைக்கு 6 தட்டு, ஆனால் தட்டின் வேகம் மாறக்கூடாது என்று பிராம்ஸ் குறித்திருக்கிறார். அப்படியென்றால் 8 அளவைக்கு 48 தட்டு, அதாவது அதே 90 வேகத்தில் 32 விநாடி. நிறுத்துக்கடிகாரம் 45 காட்டினால் வேகம் 64க்கு இறங்கியிருக்கிறது. இது ரூபாட்டோ அல்ல, வேக மாற்றம். அந்த 8 அளவைக்குள் ஒரு சுரம் நீண்டு அடுத்தது சுருங்கினால் மட்டுமே ரூபாட்டோ.

பழைய இசைத்தட்டுகளில் ஒரு பொறி உண்டு. மறுபதிவில் இசைத்தட்டு வேகமாகச் சுழன்றால் சுருதியும் ஏறும். அரைச் சுரம் ஏறினால் வேகம் சுமார் 6 சதவீதம் கூடும். முதலில் சுருதியைச் சரிபாருங்கள், பிறகு கடிகாரத்தைத் தொடுங்கள். பக்கத்துக்கு நாலைந்து நிமிடமே கொள்ளும் இசைத்தட்டு அது. பக்கம் முடியும் இடத்தில் கேட்கும் தளர்ச்சி நடத்துநரின் கருத்தாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

பிராம்ஸ் என்ன நினைத்தார்? 1886இல் நண்பரும் வயலின் கலைஞருமான யோவாகிமுக்கு எழுதிய கடிதத்தில், இந்தச் சிம்பொனியின் சுரப்பிரதியில் சில வேக மாற்றங்களைப் பென்சிலால் குறித்ததாகவும், குழுவுக்குப் படைப்பு பழகாதவரைதான் அவை தேவை என்றும் சொல்கிறார். அவை அச்சில் ஏறவில்லை. ஃபீட்லரின் தாராளத்துக்கும் வைன்கார்ட்னரின் கட்டுப்பாட்டுக்கும் ஒரே கடிதத்திலிருந்து சான்று காட்டலாம்.

இனி தமிழ்ச் சொல். ‘லயம்’ பொருந்தாது. ‘நடை’ திஸ்ரம், சதுஸ்ரம் என்று வேறு பொருளில் நிலைத்துவிட்டது. டெம்போவுக்குக் ‘காலப்பிரமாணம்’ கச்சிதம். ஆலாபனையை ரூபாட்டோ என்பது தவறு: தாளமே ஓடாதபோது எதிலிருந்து திருடுவது? ‘களவுக் காலம்’ சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் திருப்பித் தருவது அதில் இல்லை. வட்டியில்லாமல் வாங்கி உடனே கொடுத்துவிடும் கைமாற்றுதான் டோசி சொன்னதற்கு நெருக்கம். ஒரு சொற்றொடருக்குள் நடப்பதைக் ‘கைமாற்றுக் காலம்’ என்றும், பகுதிக்குப் பகுதி மாறுவதைக் ‘காலப்பிரமாண நெகிழ்வு’ என்றும் பிரித்து எழுதலாம். ஃபுர்ட்வெங்லர் முதல் பகுதியின் முடிவில் குழுவை விரட்டிக்கொண்டு போவது இரண்டாவது வகை.