சுரங்கம் நின்னு போச்சு, தண்ணி மட்டும் இன்னும் சரியாகல: கனிம அறக்கட்டளை பணத்துல நாம என்ன கேக்கலாம்?

கருப்பூர், செங்கரடு, வெள்ளக்கல்பட்டி பக்கம் மேக்னசைட்ங்கற கனிமக் கல்லை எடுத்துட்டு மிச்சக் கல்லையும் மண்ணையும் குன்று குன்றா கொட்டி வச்சிருக்கறது சேலத்துல எல்லாருக்கும் தெரியும். அந்தப் பாறையிலயே குரோமியமும் நிக்கலும் இருக்கு. தோண்டாத வரைக்கும் கல்லுக்குள்ள கிடக்கும், உடைச்சு வெளிய போட்டுட்டா மழைக்கு மழை கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு கெணத்துக்கும் போருக்கும் எறங்கலாம், வேலை நின்னு எத்தனை வருஷம் ஆனாலும்.

இதுக்குன்னே பணம் இருக்குங்க. 2015ல சுரங்கச் சட்டத்தைத் திருத்தி மாவட்ட கனிம அறக்கட்டளைன்னு கொண்டாந்தாங்க, கலெக்டர்தான் தலைவர். சுரங்கக் குத்தகைக்காரங்க ராயல்டி, அதாவது கனிமம் எடுக்கறதுக்கு அரசாங்கத்துக்குக் குடுக்கற தொகை, கட்டறது போக தனியா இதுக்கும் கட்டணும், 2015 ஜனவரி 12க்கு முந்தின குத்தகைன்னா ராயல்டில 30 சதவீதம், அதுக்கப்புறம்னா 10 சதவீதம். சும்மா ரோடு போட்டு முடிச்சிடற பணம் இல்ல இது, 2024ல திருத்துன விதிப்படி 70 சதவீதமாவது குடிதண்ணி, மாசுக் கட்டுப்பாடு, சுகாதாரம், படிப்பு மாதிரி முக்கியமான வேலைக்குத்தான் போகணும்.

நிறைய பேர் "எங்க ஊர்ல சுரங்கமே இல்லையே"ன்னு விட்டுடறாங்க. அப்படி விடாதீங்க. கழிவு கொட்டுன இடமும் நேரடியா பாதிச்ச பகுதிதான்னு விதியிலயே இருக்கு, நிலத்தடி நீர் கெட்டுப்போன சுத்துவட்டார ஊருங்களும் பாதிச்ச பகுதிதான். ஏற்காட்டுல பாக்சைட் எடுத்த பக்கம் இருக்கறவங்களும் இதை வச்சு கேக்கலாம்.

ஆனா வாயால சொன்னா நிக்காது, தண்ணிய டெஸ்ட் பண்ணி கையில ரிப்போர்ட் வேணும். குடிநீர் வடிகால் வாரிய லேப்ல குடுக்கும்போது குரோமியமும் பாக்கணும்னு தனியா கேளுங்க, உப்பு, கடினத்தன்மை மட்டும் பாத்தா இது தெரியாது. குடிதண்ணில ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல குரோமியம் இருக்கக் கூடாது, வேற தண்ணி கிடைக்கலன்னாகூட இதுக்குத் தளர்வு கிடையாது. மக்னீசியம் லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற வழியே இல்லன்னா 100. அப்புறம் ஒண்ணு, கொதிக்க வச்சா குரோமியம் போகாது, தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் செறிவாத்தான் ஆகும், குழந்தைங்களுக்கு காய்ச்சிக் குடுக்கற வீட்டுல இதைக் கண்டிப்பா சொல்லுங்க.

ரிப்போர்ட்டோட கிராம சபைக்குப் போயி தீர்மானம் போடச் சொல்லுங்க, மார்ச் 22 தண்ணீர் தினத்துக்கும் சபை நடக்கும். "நடவடிக்கை எடுக்கவும்"னு பொதுவா எழுதிட்டா அப்படியே கிடக்கும், எந்தத் தெருவுக்கு எந்த லைன்ல நல்ல தண்ணி வேணும், எந்தக் கழிவுக் குன்றுக்குக் கீழ வடிகாலும் தடுப்பும் வேணும்னு பேரோட எழுதணும். அந்த நகலோட திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாள்ல மனு குடுத்து ரசீது வாங்கிக்கோங்க.

சுரங்கத்தை மூடறவங்க மூடல் திட்டப்படி இடத்தைச் சரி பண்ணிட்டுத்தான் போகணும், அதுக்குப் பிணையா நிதி உத்தரவாதமும் குடுத்திருக்கணும், செய்யலன்னா இந்திய சுரங்கப் பணியகம் அந்தப் பிணைத் தொகையை எடுத்துக்கலாம். அந்தத் திட்டத்தோட நகலை 10 ரூபா கட்டணத்துல ஆர்டிஐ போட்டு பணியகத்துல கேளுங்க.