தும்மல் தொடங்குவது தலையணையில்

காலையில் கண்விழித்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கில் நீர், கண்ணில் அரிப்பு. குளித்துக் கிளம்பி வெளியே போனால் எல்லாம் அடங்கிவிடும். இப்படி இருந்தால் பனியையும் தலைக்குக் குளித்ததையும் குறை சொல்வதற்கு முன் தலையணையைப் பாருங்கள். வீட்டுத் தூசியில் ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் மண்ணோ புழுதியோ அல்ல. தூசி உண்ணி என்ற, கால் மில்லிமீட்டர் அளவே உள்ள எட்டுக்கால் உயிரிதான். மருத்துவர் ‘டஸ்ட் மைட்’ என்று சொல்வது இதைத்தான். இது கடிக்காது, ரத்தம் குடிக்காது. நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்தான் இதற்குத் தீனி. அந்தத் தீனி வீட்டிலேயே அதிகம் சேருமிடம், நாம் இரவெல்லாம் புரண்டு படுக்கும் மெத்தை.

நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் 1960களில் இந்தத் தொடர்பைக் கண்டறிந்தார்கள். பின்னால் தெரிந்தது, உண்ணியைவிட அதன் எச்சம்தான் பெரிய தொல்லை என்பது. ஓர் உண்ணி நாளுக்குச் சுமார் 20 எச்ச உருண்டைகள் போடும். அவற்றில் அதன் செரிமான நொதிகள் கலந்திருக்கும். அவற்றுள் ஒன்றான ‘டெர் பி 1’, புரதத்தைச் சிதைக்கும் நொதி. ஈரமான மூக்குச் சவ்வில் பட்டதும், செல்களை ஒட்டவைத்திருக்கும் பிணைப்பையே அறுத்துக்கொண்டு உள்ளே நுழைகிறது.

எச்ச உருண்டை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 மைக்ரோமீட்டர் இருக்கும். காற்றில் மிதக்கும் துகள்களோடு ஒப்பிட்டால் இது குண்டுக்கல். படுக்கையை உதறினால் எழும்பும், அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் படிந்துவிடும். அதனால்தான் பல ஆயிரம் கொடுத்து வாங்கிய ஏர் பியூரிஃபையர் இந்த விஷயத்தில் அதிகம் உதவுவதில்லை. அது காற்றைத்தான் வடிகட்டும். உங்கள் முகமோ தலையணையில் புதைந்திருக்கிறது.

உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலிருக்கும் ஈரத்தை உடலால் உறிஞ்சிக்கொள்கிறது. ஈரப்பதம் தொடர்ந்து 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வாரக்கணக்கில் வற்றிச் செத்துவிடும். குளிர்நாடுகளில் ஹீட்டர் போட்டதும் வீட்டுக்காற்று காய்ந்துவிடுகிறது. சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இரவில் ஏசி ஓடுகிறதே என்றால், பகலில் சில மணி நேரம் ஈரம் கிடைத்தாலே உண்ணிக்குப் போதும். ஆக, நம் ஊரில் காற்றைக் காயவைப்பதைவிடப் படுக்கையைக் கவனிப்பதே நடக்கிற காரியம்.

முதல் வேலை உறை. மெத்தைக்கும் தலையணைக்கும் எல்லாப் பக்கமும் மூடி ஜிப் போடும், நெருக்கமாக நெய்த உறை வேண்டும். துணியின் துளை 10 மைக்ரோமீட்டருக்குள் இருக்க வேண்டும், 6 என்றால் இன்னும் நல்லது. மேல்பக்கம் மட்டும் மூடும் ‘வாட்டர் ப்ரூஃப்’ விரிப்பு இதற்கு ஈடாகாது. பல வருடம் படுத்த இலவம்பஞ்சுத் தலையணைக்கு உறை தேடுவதைவிட அதை மாற்றிவிடுவது மேல்.

அடுத்தது வாரம் ஒரு முறை துவைப்பது. குளிர்ந்த நீரில் துவைத்தால் எச்சம் பெரும்பாலும் கரைந்து போகும், உண்ணிகளில் பல பிழைத்துக்கொள்ளும். சாக 55 டிகிரிக்கு மேல் வேண்டும். மேலிருந்து துணி போடும் வாஷிங் மெஷின்கள் பலவற்றில் ஹீட்டர் கிடையாது. வாளியில் 4 லிட்டர் குழாய் நீரை முதலில் ஊற்றி, அதன்மேல் கொதிநீர் 5 லிட்டர் சேர்த்தால் சூடு 65 டிகிரியை ஒட்டி வரும். போர்வை, தலையணை உறைகளை அதில் அமுக்கி, அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டுத் துவைக்கலாம். கம்பளிக்கு இது ஆகாது, சுருங்கிவிடும்.

மொட்டை மாடி வெயில் நல்ல ஆயுதம், ஆனால் பாதி ஆயுதம். ஜமக்காளம், பாய் போன்ற மெல்லியவை உச்சிவெயிலில் சூடேறிக் காய்ந்தால் உண்ணி சாகும். மொத்தமான மெத்தையில் அது அடியில் பதுங்கிக்கொள்ளும். செத்தாலும் எச்சம் அப்படியே இருக்கும், வெயிலில் போட்டதைத் தட்டித் துவைத்தால்தான் அது போகும். தட்டுவது ஒவ்வாமை உள்ளவராக இருக்கக் கூடாது. துவைக்க முடியாத பொம்மைகளைப் பாலிதீன் பையில் கட்டி ஒரு நாள் ஃப்ரீசரில் வைக்கலாம். பிறகு அவற்றையும் வெளியே கொண்டுபோய்த் தட்ட வேண்டும்.

அறையைச் சுத்தம் செய்யும்போது ஃபேனை நிறுத்திவிட்டு, இறக்கைகளை ஈரத்துணியால் துடைப்பதில் தொடங்கி, பரண், அலமாரி, கட்டில் என்று கீழே இறங்கி வர வேண்டும். தரையை முதலில் கூட்டினால் இரட்டை வேலை. பூந்துடைப்பம் புழுதியைக் கிளப்பும், ஈர மாப் போதும். வேக்யூம் என்றால் நுண்துகளையும் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளது வேண்டும். சாதாரணமானது உறிஞ்சியதில் நுண்துகளைப் பின்பக்கமாக அறைக்கே திருப்பி ஊதும். சாம்பிராணி போட்டால் உண்ணி ஓடாது, இளைப்பு உள்ளவருக்குத்தான் மூச்சு முட்டும்.

பலன் எவ்வளவு? 2003இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், ஆஸ்துமா உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களுக்கு உறை மட்டும் போட்டதில் குறிப்பிடும்படி எதுவும் மாறவில்லை. 2017இல் வெளியான இன்னொரு ஆய்வு உண்ணி ஒவ்வாமை உறுதியான குழந்தைகளிடம் நடந்தது. ஓராண்டில் ஆஸ்துமா முற்றி மருத்துவமனைக்குப் போனவர்கள், சாதாரண உறை போட்டவர்களில் சுமார் 42 சதவீதம், உண்ணித் தடுப்பு உறை போட்டவர்களில் 29 சதவீதம். எனவே செலவு செய்யும் முன் தோல் பரிசோதனையில் எது ஒவ்வாமை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அதில் கரப்பான்பூச்சி என்று வந்தால் வேலை படுக்கையறையில் இல்லை, சமையலறையில்தான். சிலிண்டர், அடுப்பு, சிங்க் ஆகியவற்றின் பின்னால் ஜெல் மருந்தைச் சிறு சிறு பொட்டாக வையுங்கள். அதே இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் பூச்சி ஜெல்லைத் தொடாது. சாவு நின்றதும் அலமாரித் தட்டுகளைச் சோப்பு நீரில் கழுவ வேண்டும். உதிர்ந்த தோலும் எச்சமும் கரப்பான் செத்தபிறகும் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.